கானாவுக்குக் குழுவாகப் போகிறீர்களா? ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்

குமாசியில் ஒரு காலை. சாலையோரத்தில் ஓர் அம்மா கரி அடுப்பின் மேல் கம்பி வலை போட்டு வாழைப்பழம் சுட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தட்டில் வறுத்த வேர்க்கடலை. எங்கள் குழுவில் ஒருவர் நேரே போய், "இது எவ்வளவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த அம்மா நிமிரவில்லை. வலை மேல் இருந்த பழத்தை விரல் நுனியால் திருப்பிப் போட்டார். நம்மவர் சற்று உரக்க மறுபடியும் கேட்டார். இப்போது அவர் நிமிர்ந்து பார்த்து, நிதானமாக, "குட் மார்னிங்" என்றார். விலையைச் சொல்லவில்லை.

நம்மவருக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. அவரும் "குட் மார்னிங்" சொன்னார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. எந்த ஊர், இரவு தூக்கம் வந்ததா என்றெல்லாம் விசாரித்த பிறகே விலை வந்தது. கூடவே ஒரு பிடி கடலையும் வந்தது. கானாவின் வரலாற்றைப் பற்றி எங்களில் அதிகம் படித்துவிட்டு வந்தவர் அவர்தான். ஆனால் அங்கே விலை கேட்பதற்கு முன் வணக்கம் சொல்ல வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

தனியாகப் பயணம் போகிறவருக்கு ஊரே எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும். வழி கேட்கவும் சாப்பாடு வாங்கவும் அவர் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும். பதினான்கு பேராகப் போகும்போது அந்தத் தேவை வருவதில்லை. பஸ்ஸில் நம் பேச்சு, நம் பாட்டு, நம் ஊறுகாய் என்று நம் தெருவையே கூடக் கொண்டுபோய்விடுகிறோம். ஒருவர் இடக்கையை நீட்டினால் அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் நீட்டுவார்கள். அதனால்தான் குழுவாகப் போகிறவர்கள் முன்கூட்டியே படித்துக்கொள்வது மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஆறு வாரம் ஒதுக்குங்கள். கானாவின் அசாந்தே மக்களின் பழைய நாள்காட்டியும் 42 நாள் கொண்ட சுற்றாகத்தான் ஓடுகிறது. வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம் போதும். ஒருவரே எல்லாவற்றையும் படித்து மற்றவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம். ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு படித்து வந்து சொல்லட்டும். தான் படித்துச் சொன்னதை யாரும் அங்கே போய் மறக்க மாட்டார்கள்.

முதல் வாரம்: எந்த மக்களிடம் போகிறோம்?

"ஆப்பிரிக்கா போகிறோம்" என்று சொல்வதை முதல் நாளே விட்டுவிடுங்கள். நீங்கள் போவது கானாவுக்கு. 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்ற நாடு அது. அதற்கு முன் ஆங்கிலேயர் அதைக் கோல்டு கோஸ்ட் என்று அழைத்தார்கள். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 3 கோடியே 8 லட்சம். 16 மாகாணங்கள்.

ஒரு பெரிய தாளில் வரைபடத்தைக் கையால் வரையுங்கள். உங்கள் பஸ் போகும் பாதையைச் சிவப்பு மையில் இழுத்து, ஒவ்வோர் ஊருக்கும் பக்கத்தில் அங்குள்ள மக்களின் பெயரை எழுதுங்கள். தலைநகர் அக்ரா, கா மக்களின் மண். கேப் கோஸ்ட், எல்மினா ஆகிய கடற்கரை ஊர்கள் ஃபான்டே மக்களுடையவை. குமாசி, அசாந்தே அரசின் தலைநகரம். கிழக்கே வோல்டாப் பக்கம் எவே மக்கள். வடக்கே தமாலேயைச் சுற்றி டகோம்பா மக்கள். அசாந்தேயும் ஃபான்டேயும் அகான் என்ற பெரிய இனத்தின் கிளைகள். ஆட்சிமொழி ஆங்கிலம்தான் என்றாலும் வீட்டுப் பேச்சு இந்த மொழிகளில்தான் நடக்கிறது. பாதையில் வராத பகுதிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போவதால் பயன் இல்லை.

அகான் மக்களிடம் நமக்கு எளிதில் பிடிபடும் ஒரு செய்தி உண்டு. அவர்களுக்குக் குலம் தாய்வழியில் வருகிறது. ஒருவர் தம் தந்தையின் குலத்தைச் சேர்ந்தவர் ஆகமாட்டார். சொத்தும் பழைய முறைப்படி தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும். தாய்மாமனை வொஃபா என்று அழைக்கிறார்கள். குடும்பத்தில் அவருடைய சொல்லுக்குத் தனி எடை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பங்கை உறுதிசெய்ய 1985இல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் அந்த முறை எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள். கா, எவே, டகோம்பா மக்களிடம் தந்தைவழி. ஆகவே அக்ராவில் பார்த்ததை வைத்துக் குமாசியை எடைபோட வேண்டாம்.

மதத்தைப் பொறுத்தவரை நூற்றுக்கு 71 பேர் கிறிஸ்தவர்கள், சுமார் 20 பேர் முஸ்லிம்கள். ஞாயிறு காலை ஊரே நல்ல துணி உடுத்தித் தேவாலயம் போகும். அந்த நேரத்தில் கடைத்தெருவுக்குப் போவதாகத் திட்டமிடாதீர்கள். அக்ராவில் ஓர் இந்து மடமும் இருக்கிறது. 1975இல் தீட்சை பெற்ற கனானந்த சரஸ்வதி என்ற கானாக்காரத் துறவி தொடங்கியது அது. வழிபட வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் மக்கள்.

இரண்டாம் வாரம்: வணக்கம் சொல்லப் பழகுங்கள்

ஆறு வாரத்தில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குமாசியிலும் அக்ராவின் பெரும்பகுதியிலும் ட்வி மொழி செல்லும். காலையில் "மாச்சி", நண்பகலுக்குப் பிறகு "மாஹா", மாலையில் "மாஜோ". வரவேற்பதற்கு "அக்வாபா"; விமான நிலையத்திலேயே இந்தச் சொல்லைப் பார்ப்பீர்கள். "எத்தே சென்" என்றால் எப்படி இருக்கிறீர்கள். "எயெ" என்றால் நலம். "மெதாசி" என்றால் நன்றி. எதைக் கேட்டாலும் முன்னால் "மெ பா வோ செவ்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து என்று பொருள். உழைத்துக்கொண்டிருக்கிறவரைக் கடந்து போகும்போது "அயேகூ" என்று ஒரு சொல் சொல்வார்கள். உங்கள் உழைப்பைப் பார்த்தேன், வாழ்க என்பது போன்ற பொருள் அதற்கு. விறகு பிளக்கிறவரிடமும் வலை பின்னுகிறவரிடமும் சொல்லிப் பாருங்கள், கை நின்று முகம் நிமிரும்.

வணக்கத்துக்குச் சொல்லும் பதிலில் உறவும் சேர்ந்தே வரும். வயதில் மூத்த ஆண் வணக்கம் சொன்னால் "யா அஜியா", மூத்த பெண் சொன்னால் "யா ஏனா", ஒத்த வயதினருக்கு "யா நுவா". தந்தையே, தாயே, உடன்பிறப்பே என்று அழைத்துப் பதில் சொல்வது இது. முன்பின் தெரியாதவரையும் அண்ணா, அக்கா என்று அழைத்துப் பழகிய நமக்கு இது சிரமமே இல்லை. ஆங்கிலத்தில் பேசும்போதும் மூத்தவர்களை வெறும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். ஆன்ட்டி, அங்கிள் என்று சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களுக்கும் தலைவர்களுக்கும் "நானா" என்ற சொல் உண்டு.

ட்வி ஒலியேற்ற மொழி. "பாபா" என்ற ஒரே சொல்லைக் குரல் உயர்த்திச் சொன்னால் நல்லது, தாழ்த்தி உயர்த்தினால் அப்பா, முழுக்கத் தாழ்த்தினால் விசிறி. ஏட்டைப் பார்த்து மட்டும் இது வராது. பீஸ் எஃப்எம், அடோம் எஃப்எம் போன்ற ட்வி வானொலிகள் இணையத்தில் கிடைக்கின்றன. தினமும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பொருள் புரியாவிட்டாலும் ஏற்ற இறக்கம் காதில் ஏறும்.

அடுத்து கை. கொடுப்பது, வாங்குவது, சாப்பிடுவது, கையசைப்பது எல்லாம் வலக்கையால். நாமும் இடக்கையால் பணம் நீட்டுவதில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு கையில் கைப்பேசியும் மறுகையில் தண்ணீர் பாட்டிலுமாகப் பயணத்தில் நிற்கும்போது அந்தப் பழக்கம் நம்மை அறியாமல் கழன்றுவிடுகிறது. அங்கே இடக்கையால் ஒரு திசையைச் சுட்டிக்காட்டுவதுகூட மரியாதைக் குறைவு. பலர் அமர்ந்திருக்கும் இடத்துக்குப் போனால் வலப்பக்கக் கடைசியில் இருப்பவரிடம் தொடங்கி, வரிசையாக இடப்பக்கம் நோக்கிக் கைகொடுத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய மனிதரிடம் நேரே பாய்ந்து போகாதீர்கள். இளைஞர்கள் கைகுலுக்கி விடுவிக்கும்போது இருவரின் நடுவிரலும் உரசிச் சொடுக்குப் போடும். அதையும் பழகிக்கொள்ளுங்கள், நண்பர்கள் சீக்கிரம் கிடைப்பார்கள்.

வீட்டுக்கு அழைத்தால் முதலில் இருக்கை, பிறகு குடிக்கத் தண்ணீர். அதற்கும் பிறகுதான் வந்த காரணத்தைக் கேட்பார்கள். இதற்கு அமானே என்று பெயர். தண்ணீர் வருவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைக்கக்கூடாது. காரணம் சொல்லும்போதும் முதலில், நல்லபடியாகத்தான் வந்திருக்கிறோம், கெட்ட செய்தி ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது முறை. குழுவில் ஒருவர் எல்லோர் சார்பிலும் பேசினால் போதும்.

இன்னொரு சொல். பேசிக்கொண்டே இருப்பவர் திடீரென்று எழுந்து, ஆங்கிலத்தில் "நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போவார். வெள்ளைக்காரப் பயணிகள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். போகும்போது "வருகிறேன்" என்று சொல்லும் ஊரிலிருந்து போகும் நமக்கு விளக்கம் தேவையில்லை.

கூட்டத்தில் ஒரு மூலையைக் கடையாக்கி, ஒவ்வொருவரும் போய் வணக்கம் சொல்லி, நலம் கேட்டு, விலை கேட்டு, வலக்கையால் பணம் கொடுத்து, நன்றி சொல்லித் திரும்புங்கள். வெட்கப்படாமல் செய்யுங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் போனோம், அதனால் சொல்கிறேன்.

மூன்றாம் வாரம்: பெயரும் சோறும்

அகான் குழந்தைக்குப் பிறந்த கிழமையே ஒரு பெயரைக் கொடுத்துவிடும். ஆண்களுக்கு ஞாயிறு க்வாசி, திங்கள் க்வாஜோ, செவ்வாய் க்வாபெனா, புதன் க்வாகு, வியாழன் யாவ், வெள்ளி கோஃபி, சனி க்வாமே. பெண்களுக்கு அதே வரிசையில் அகோசுவா, அஜுவா, அபெனா, அகுவா, யா, அஃபியா, அமா. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்தவர். கதைகளில் வரும் தந்திரக்காரச் சிலந்தி அனான்சேக்கும் கிழமைப் பெயர் உண்டு. அவன் புதன் பிறந்த க்வாகு.

எல்லோரும் பிறந்த கிழமையைக் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள். ஜாதகம் இருக்கும் வீடுகளில் அதிலேயே இருக்கும். அங்கே உங்கள் பெயரை வாயில் நுழைக்க முடியாமல் தவிக்கிறவர் கிழமையைக் கேட்பார். "வியாழன்" என்று சொன்ன அடுத்த நொடி நீங்கள் யாவ் ஆகிவிடுவீர்கள். அடுத்த நாள் அதே தெருவில் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள்.

இனி சாப்பாடு. இதைப் படிப்பதைவிடச் சமைத்துப் பார்ப்பது நல்லது. ஃபூஃபூ என்பது வேகவைத்த மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் மர உரலில் இடித்துச் செய்யும் களி. ஒருவர் உலக்கை போட, இன்னொருவர் ஒவ்வோர் இடிக்கும் நடுவில் கையை விட்டு மாவைத் திருப்பிவிடுவார். நம் ஊரிலும் கிழங்கும் காயும் கிடைக்கும். நன்றாக வேகவைத்து இடித்துப் பாருங்கள், இழுபடும் பதம் வரும்வரை. வேர்க்கடலைக் குழம்பிலோ காரமான தண்ணீர்க் குழம்பிலோ அதை மிதக்கவிட்டுப் பரிமாறுவார்கள். கை கழுவ ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வரும். வலக்கை விரலால் சிறிது கிள்ளி, குழித்து, குழம்பை அள்ளி, மெல்லாமல் அப்படியே விழுங்க வேண்டும். கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த கலை. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று தடவை தொண்டையில் நிற்கும்.

பாங்கு, கென்கே இரண்டும் புளித்த மக்காச்சோள மாவில் செய்பவை. புளிப்பு நமக்குப் பிடிக்கும். வாச்சே என்பது சோளத்தின் இலைத்தண்டோடு சேர்த்து வேகவைத்துச் செந்நிறமான அரிசியும் காராமணியும். காலையில் சாலையோரக் கடைகளில் வாழையிலை போன்ற அகலமான இலையில் மடித்துத் தருவார்கள். கெலெவெலே என்பது இஞ்சியும் மிளகாயும் புரட்டிப் பொரித்த பழுத்த நேந்திர வகை வாழை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். "மென்னி நாம்" என்று சொல்லுங்கள், நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று பொருள். ட்வியில் நாம் என்ற சொல் இறைச்சியையும் மீனையும் குறிக்கும். அதோடு நிறுத்தாமல், கருவாடு போட்டிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஷிட்டோ என்ற கறுத்த மிளகாய்த் தொக்கில் உலர்ந்த மீனும் இறாலும் உண்டு, கீரைக் குழம்பிலும் கருவாட்டு வாசம் இருக்கும். காராமணியைச் செம்பனை எண்ணெயில் சமைத்து, வறுத்த வாழைப்பழத்தோடு தரும் ரெட் ரெட் பெரும்பாலும் ஒத்துவரும், அதையும் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள். வேண்டாம் என்று சொல்வதில் தவறில்லை. முகம் சுளிப்பதும் மூக்கைப் பிடிப்பதும் தவறு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் கடந்து போனால் "நீங்களும் வாருங்கள்" என்று அழைப்பார். நன்றி சொல்லி, நீங்கள் சாப்பிடுங்கள் என்றால் போதும்.

நான்காம் வாரம்: கோட்டைகளும் தங்க இருக்கையும்

இந்த வாரம் கனமானது. இரண்டு மணி நேரம் போதாது.

எல்மினாக் கோட்டையைப் போர்த்துக்கீசியர் 1482இல் கட்டினார்கள். 1637இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றி, 1872இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்தில் ஆங்கிலேயரின் கேப் கோஸ்ட் கோட்டை. தொடக்கத்தில் பொன் வணிகத்துக்கு இருந்த இந்தக் கோட்டைகள், பிறகு மனிதர்களைப் பிடித்து அடைத்துக் கப்பலேற்றும் கிடங்குகள் ஆயின. கேப் கோஸ்ட்டில் ஆண்களை அடைத்த நிலவறைக்கு நேர் மேலே ஆங்கிலேயர் வழிபாட்டுக்கூடம் வைத்திருந்தார்கள். கீழே இறங்கினால் தரையில் கழிவு ஓடுவதற்கு வெட்டிய வாய்க்கால் இன்னும் இருக்கிறது. வெளிச்சம் மேலே ஒரு சிறு துளை வழியாகத்தான் வரும். கதவைக் கடந்தால் கடல். 1998இல் ஜமைக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இரு முன்னோரின் எலும்புகளைக் கொண்டுவந்து, அதே கதவு வழியாக உள்ளே எடுத்துவந்து, அசின் மான்சோவில் அடக்கம் செய்தார்கள். கடற்கரைக்கு நடத்திக் கொண்டுவந்தவர்களைக் கடைசியாகக் குளிப்பாட்டிய ஆறு ஓடும் ஊர் அது.

இதில் நமக்கும் ஒரு நூல் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்து, மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்த சரக்குகளில் ஒன்றாக இருந்தது. எல்மினாவில் இருந்தது டச்சுக்காரர்களின் மேற்கிந்தியக் கம்பெனி என்றால், பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்தது அவர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி. நெய்தவர்களுக்கு அந்தத் துணி எங்கே போயிற்று என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அந்த நிலவறையில் நில்லுங்கள்.

கோட்டையில் உங்கள் பக்கத்தில் நிற்கிறவர் அமெரிக்காவிலிருந்து தம் முன்னோரைத் தேடி வந்தவராக இருக்கலாம், அழுதுகொண்டிருக்கலாம். ஆகவே முன்கூட்டியே முடிவெடுங்கள்: நிலவறைக்குள் சிரித்த முகத்தோடு படம் எடுப்பதில்லை, உரக்கப் பேசுவதில்லை. அன்று மாலைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

குமாசிக்குப் போகும் முன் தங்க இருக்கையின் கதை தெரிந்திருக்க வேண்டும். முதல் அசாந்தே மன்னர் ஓசெய் டூட்டூவின் காலத்தில், ஒகோம்ஃபோ அனோச்சே என்ற குரு வேண்டிக்கொள்ள, ஒரு வெள்ளிக்கிழமை வானிலிருந்து அது இறங்கியது என்பது நம்பிக்கை. ஆகவே அதற்கும் கோஃபி என்ற கிழமைப் பெயர் உண்டு. இனத்தின் உயிரே அதில் இருக்கிறது என்பதால் மன்னர்கூட அதில் அமர்வதில்லை. 1900 மார்ச்சில் ஆங்கிலேய ஆளுநர் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, தான் உட்கார அந்த இருக்கையைக் கொண்டுவரச் சொன்னார். எஜிசு என்ற ஊரின் அரசியன்னை யா அசாந்தேவா தலைமையில் போர் வெடித்தது. ஆங்கிலேயர் வென்றார்கள்; அவரைச் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள்; 1921இல் அங்கேயே இறந்தார். இருக்கை மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1874 போரில் ஆங்கிலப் படை குமாசியைக் கொளுத்திக் கொள்ளையடித்த பொன் அணிகள் லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் சில 2024இல் குமாசியில் உள்ள மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வந்தன, கடனாக. தங்கள் பொருளையே கடனாக வாங்க நேர்ந்ததைப் பற்றி அங்கே யாரிடமாவது கேளுங்கள், நிறையச் சொல்வார்கள்.

கடைசியாக நம்மைப் பற்றியது. லெகோனில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் 2016 ஜூனில் திறந்துவைத்த காந்தி சிலையை 2018 டிசம்பரில் அகற்றினார்கள். தென்னாப்பிரிக்காவில் இளமைக்காலத்தில் அவர் கறுப்பின மக்களைத் தாழ்த்தி எழுதியவற்றைக் காட்டிப் பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். ஆனால் கானாவின் விடுதலைத் தலைவர் க்வாமே இன்க்ரூமா 1950இல் தொடங்கிய அறப்போராட்டம் காந்தியின் வழியைப் பார்த்து நடந்தது. சிறையில் இருந்தபடியே 1951 தேர்தலில் வென்றார் அவர். இரண்டும் உண்மை. யாராவது கேட்டால் சினம் கொள்ளாமல் கேட்டுக்கொள்ளுங்கள். நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சையும் இந்த வாரமே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நம் நாட்டில் படிக்க வந்த ஆப்பிரிக்க மாணவர்கள் பட்ட அவமானங்கள் அங்கே செய்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. தமிழ் புரியாது என்ற துணிவில் பஸ்ஸில் ஒருவரின் தோலைப் பற்றிப் பேசினால் பார்வையிலேயே அவருக்குப் புரியும்.

ஐந்தாம் வாரம்: துணி, சாவு, அரண்மனை

குமாசிக்கு அருகே பொன்வீரே என்ற ஊரில் கென்டே நெய்கிறார்கள். தறி மிகக் குறுகலானது. நான்கு விரற்கடை அகலமுள்ள நீண்ட பட்டைகளாக நெய்து, பக்கம் பக்கமாகத் தைத்து ஒரு துணி ஆக்குவார்கள். ஒவ்வொரு கோலத்துக்கும் பெயர் உண்டு. எவே மக்களுக்கும் தனிக் கென்டே மரபு இருக்கிறது. 2024இல் யுனெஸ்கோ இந்தக் கைவினையைத் தன் பட்டியலில் சேர்த்தது. வாங்கும்போது கோலத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் பட்டுப்புடவைக்கு மயில்கண், கோட்டை என்று பெயர் கேட்பதைப் போலத்தான். இன்டோன்சோ என்ற ஊரில் மரப்பட்டையைக் காய்ச்சி எடுத்த கறுப்புச் சாயத்தில், சுரைக்குடுக்கை ஓட்டில் செதுக்கிய அச்சால் அடிங்க்ரா குறிகளைப் பதிக்கிறார்கள். அந்தக் குறிகளில் ஒன்று, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் பறவையான சான்கோஃபா. மறந்துவிட்டதைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை என்று பொருள்.

உடையில் ஓர் எச்சரிக்கை. சிவப்பும் கறுப்பும் சேர்ந்தால் துக்கத்தின் நிறம். சனிக்கிழமைகளில் தெருவெல்லாம் அந்த நிறத்தில் கூட்டம் தெரிந்தால் சாவு வீடு என்று புரிந்துகொள்ளுங்கள். நிறைந்த வயதில் போனவருக்கு வெள்ளையும் உடுத்துவார்கள். நம் கல்யாணச்சாவைப் போல மேளமும் ஆட்டமும் இருக்கும். சுவரெங்கும் படத்தோடு அறிவிப்பு ஒட்டுவார்கள். வருகிறவர்கள் பணம் கொடுக்க, ஒருவர் மேசை போட்டு எழுதி ரசீது கொடுப்பார், இன்னொருவர் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்வார். மொய் எழுதிப் பழகிய நமக்கு இதைப் பார்க்கக் கண் பனிக்கும். அழைத்தால் போங்கள், அடர்ந்த நிறத் துணியில், ஒரு சிறு தொகையோடு.

ஊர்த் தலைவரைப் பார்க்கப் போனால் அவரிடம் நேரடியாகப் பேசக்கூடாது. ஒச்சியாமே என்ற பேச்சாளர் பக்கத்தில் இருப்பார். நீங்கள் அவரிடம் சொல்ல, அவர் தலைவரிடம் சொல்வார். பதிலும் அவர் வழியாகவே வரும். தொப்பியைக் கழற்றுங்கள், கால்மேல் கால் போடாதீர்கள். தெற்கே ஷ்னாப்ஸ் என்ற மது ஒரு பாட்டில் கொண்டுபோவது வழக்கம். முன்னோருக்கு அதை மண்ணில் வார்ப்பார்கள். வடக்கே தலைவர் அமர்வது விலங்குத் தோலில்; காணிக்கை கோலாக் கொட்டை. மரஇருக்கை ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் நிமிர்த்தி உட்காராதீர்கள். அலையும் ஆவி எதுவும் அதில் அமர்ந்துவிடக்கூடாது என்று சாய்த்து வைத்திருப்பார்கள்.

ஆறாம் வாரம்: நாள்காட்டி, சந்தை, ஒத்திகை

பயணத் தேதியை விழாக்களோடு ஒட்டிப் பாருங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மான்ஹியா அரண்மனையில் அக்வாசிடே விழா நடக்கும். மன்னர் பெருங்குடைகளுக்குக் கீழே அமர்ந்து வணக்கம் ஏற்பார், பேசும் முரசுகள் ட்வியின் ஏற்ற இறக்கத்தையே முழக்கும். கேப் கோஸ்ட்டில் செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஃபெட்டூ அஃபாஹ்யே. அக்ராவில் ஹோமோவோ விழாவுக்கு முன்பு, மே ஜூன் மாதங்களில், சுமார் ஒரு மாதம் மேளதாளத்துக்குத் தடை இருக்கும். அப்போது போனால் உங்கள் பாட்டுப்பெட்டியை அடக்கி வையுங்கள். கடற்கரை ஊர்களில் செவ்வாய்க்கிழமை மீன்பிடிக்கக் கடலுக்குப் போவதில்லை. எல்மினாத் துறைமுகத்தில் மீன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் வேறு நாள் போங்கள். செவ்வாயன்று போனால் வண்ணப் படகுகள் எல்லாம் கரையில் நிற்க, மீனவர்கள் வலை பின்னிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

பணத்துக்கு சேடி என்று பெயர். சோழியைக் குறிக்கும் அகான் சொல்லிலிருந்து வந்தது. பேரம் பேச "தெ சோ", அதாவது குறையுங்கள். பேரம் முடிந்ததும் "இன்டோசோ" கேட்கலாம், அது நம் கொசுறேதான். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காவல், ராணுவ இடங்களைப் படம் எடுக்கவே கூடாது. ராணுவப் பச்சைப் புள்ளித் துணியைப் பெட்டியில் வைக்காதீர்கள், பொதுமக்கள் அதை உடுத்துவது அங்கே சட்டவிரோதம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். அது இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலும் தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசி மாலை முழு ஒத்திகை. ஒருவர் தலைவர், ஒருவர் ஒச்சியாமே, மற்றவர்கள் வலமிருந்து இடமாகக் கைகொடுத்து, கிழமைப் பெயரைச் சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்து, வந்த காரணத்தைச் சொல்லட்டும்.

வீட்டில் பல்லாங்குழி இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். கானாவில் அதே குடும்பத்து ஆட்டம் ஒன்றுக்கு ஒவாரே என்று பெயர். பக்கத்துக்கு ஆறு குழி, குழிக்கு நான்கு விதை, மொத்தம் 48. நம் பலகையில் பக்கத்துக்கு ஒரு குழியைத் துணியால் மூடிவிட்டால் ஆடிப் பழகலாம். கடைசி விதை எதிராளியின் குழியில் விழுந்து அங்கே இரண்டோ மூன்றோ ஆனால் அது உங்களுக்கு. எதிராளியின் பக்கம் காலியாகிவிட்டால், உங்களால் முடிகிற வரை, அவருக்கு விதை போய்ச் சேரும்படிதான் அடுத்த ஆட்டத்தை ஆட வேண்டும். மாலையில் மரத்தடியில் யாராவது பலகையை விரித்திருப்பார்கள். "மாஜோ" என்று சொல்லிவிட்டு அருகில் நில்லுங்கள், உட்கார இடம் விடுவார்கள்.